தங்க நானோ துகளுக்கு எந்தப் பூச்சு? பெக் முதல் கைட்டோசன் வரை ஓர் ஒப்பீடு

நானோ மருத்துவத்தில் ஆய்வு தொடங்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சிட்ரேட் முறையில் சிவப்புக் கரைசல் தயாராகிவிட்டது. அடுத்து பெக் போடுவதா, சிலிகா போடுவதா, கைட்டோசனா?" சிட்ரேட் முறை என்பது தங்க உப்பைச் சிட்ரிக் அமிலத்தின் உப்போடு சூடாக்கித் தங்க நானோ துகள் செய்வது. பெக் ஒரு செயற்கை நீள்சங்கிலிச் சேர்மம், சிலிகா மணலில் உள்ள பொருள், கைட்டோசன் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான பதிலை ஆய்வகத்தின் அலமாரிதான் சொல்கிறது. எந்தப் புட்டி கையில் இருக்கிறதோ அதுவே பூச்சாகிவிடும். துகள் எந்த வழியாக உடலுக்குள் போகும், எவ்வளவு நாள் தங்கும், எப்படி வெளியேறும் என்ற கேள்விகள் கட்டுரை எழுதும்போதுதான் நினைவுக்கு வரும். வரிசையைத் திருப்பிப் போட்டால் தேர்வு பாதி எளிதாகிவிடும்.

தங்கம் எதனோடும் எளிதில் வினைபுரியாத உலோகம், அதனால் பாதுகாப்பானது என்று பொதுவாகச் சொல்வார்கள். நகையாக இருக்கும் தங்கத்துக்கு அது சரி. நானோ அளவில் உடல் முதலில் சந்திப்பது தங்கத்தின் மேல் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளை. ஒரே அளவுள்ள துகளில் மேற்பரப்பின் மின்னூட்டத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வு ஒன்று 2004-இல் வந்தது. நேர்மின் துகள்கள் செல்களைக் கொன்றன; எதிர்மின் துகள்கள் அதே செறிவில் மிகக் குறைவாகவே பாதித்தன. உள்ளே இருந்த தங்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

## முதலில் அளவுகோல்கள்

எந்தப் பூச்சை எடுத்தாலும் நான் ஐந்து கேள்விகளை வைத்துப் பார்ப்பேன்.

ஒன்று, உப்பைத் தாங்குமா? இரத்தத்தின் உப்புச் செறிவு ஏறத்தாழ 0.9 சதவீத உப்புக் கரைசலுக்குச் சமம். அந்தச் செறிவில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சிவப்பு நிறம் நீலமாகும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், கண்ணே போதும்.

இரண்டு, புரதங்கள் ஒட்டுமா? இரத்தத்தில் கலந்த சில நொடிகளிலேயே துகளைச் சுற்றிப் புரத உறை ஒன்று உருவாகத் தொடங்கும். அதில் சில புரதங்கள் "இதை விழுங்கு" என்று நோயெதிர்ப்புச் செல்களுக்கு அடையாளம் காட்டிவிடும்.

மூன்று, பூச்சு கழலுமா? தங்கத்தையும் கந்தகத்தையும் இணைக்கும் பிணைப்பு வலுவானதுதான். ஆனால் இரத்தத்திலும் செல்லுக்குள்ளும் சிஸ்டீன், குளுட்டத்தயோன் போன்ற கந்தகச் சேர்மங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை பூச்சை மெல்ல மெல்ல இடம்பெயர்க்கும்.

நான்கு, வெளியேறும் வழி என்ன? இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. 40 நானோமீட்டர் தங்கத் துகளை எலிகளுக்குச் செலுத்தி ஆறு மாதம் கவனித்த ஓர் ஆய்வில், கல்லீரலில் இருந்த தங்கத்தின் அளவு 9 சதவீதம் மட்டுமே குறைந்திருந்தது. விழுங்கிய செல் இறந்தால் அதிலிருந்த தங்கத்தைப் பக்கத்துச் செல் எடுத்துக்கொள்ளும்.

ஐந்து, மறுபடி மறுபடி கொடுக்க முடியுமா? ஒரு முறை கொடுத்தால் பிரச்சினை தராத பூச்சு, இரண்டாம் முறை உடல் அடையாளம் கண்டு எதிர்க்கும் பொருளாக மாறியிருக்கலாம்.

இவற்றோடு மறைசெலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பொருளின் விலையை விடச் சுத்திகரிப்புக்கும் பரிசோதனைக்கும் ஆகும் செலவுதான் பொதுவாகப் பெரிது.

| பூச்சு | உப்பில், சீரத்தில் (இரத்தத்தின் தெளிநீரில்) நிலைப்பு | வெளியேற்றம் | மறைசெலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| சிட்ரேட் | மோசம் | கல்லீரல், மண்ணீரலில் தங்கும் | குறைவு | உடலுக்கு வெளியே நடக்கும் பரிசோதனைகள் |
| பெக் | மிக நன்று | பெரிய துகள் என்றால் கல்லீரலில் தங்கும் | எதிர்ப்பொருள் சோதனை, அடர்த்தியை அளப்பது | இரத்தத்தில் நெடுநேரம் சுற்ற, ஒன்றிரண்டு முறை கொடுக்க |
| சிலிகா | நன்று. மேலே பெக் தேவைப்படும் | சிலிகா மெல்லக் கரையும், தங்கம் தங்கும் | துளைகளைச் சுத்தம் செய்வது | லேசர், ஒளியொலிப் படமெடுப்பு (லேசர் ஒளியால் எழும் ஒலியை வைத்துப் படமெடுப்பது), மருந்தேற்றம் |
| குளுட்டத்தயோன் | நன்று | சிறுநீரகம் வழியே, துகள் மிகச் சிறியது என்றால் | அளவுக் கட்டுப்பாடு | படமெடுப்பு, விரைவாக வெளியேற வேண்டிய இடம் |
| அல்புமின் | நடுத்தரம் | கல்லீரல் | புரத மூலம், கிருமி நீக்கம் | நோயறி சோதனை, மருந்துச் சுமப்பு |
| அரபிக் கோந்து | நன்று | செலுத்திய இடத்தைப் பொறுத்தது | தொகுதிக்குத் தொகுதி மாறுபாடு | கட்டிக்குள் நேரடி ஊசி |
| கைட்டோசன் | அமிலத்தில் நன்று, இரத்தத்தில் சிக்கல் | வழியைப் பொறுத்தது | காரஅமில நிலை, மின்னூட்டம் | மூக்கு, வாய், தோல் |

அட்டவணை ஒரு தொடக்கம்தான். விஷயம் கீழே இருக்கிறது.

## சிட்ரேட், சிடிஏபி: இவை பூச்சே அல்ல

1951-இல் துர்கேவிச் குழு கொடுத்த சிட்ரேட் முறையைத்தான் இன்றும் கல்லூரி ஆய்வகங்கள் செய்கின்றன. சிட்ரேட் தங்கத்தின் மேல் தளர்வாகத்தான் ஒட்டியிருக்கிறது. அதனால் அதை நீக்கிவிட்டு வேறொன்றைப் போடுவது எளிது. தொடக்கப் பொருளாக அதன் பெருமையும் அதுதான். கருத்தரிப்புச் சோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோட்டுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் சிட்ரேட் துகளின் மேல் எதிர்ப்பொருளை ஒட்டிய தங்கம். உடலுக்கு வெளியே நடக்கும் வேலைக்கு அது போதும், கூடுதலாகச் செலவழிப்பது வீண்.

நானோ தண்டு, அதாவது குச்சி வடிவத் தங்கத் துகள், செய்பவர்களுக்குத்தான் பெரிய கவலை. தண்டு வடிவம் வர சிடிஏபி என்ற நேர்மின் சோப்பு தேவை. அது செல் சவ்வைக் கரைக்கும் பொருள். தண்டுக் கரைசலின் நச்சுத்தன்மையில் பெரும்பங்கு தண்டிலிருந்து வருவதில்லை, நீரில் தனியே மிதக்கும் சிடிஏபியிலிருந்து வருகிறது என்று 2009-இல் காட்டினார்கள்: துகள்களை நீக்கிவிட்டு மேல்நீரை மட்டும் கொடுத்தபோதும் செல்கள் அதே போல இறந்தன. ஆகவே தண்டு வைத்திருப்பவர் பூச்சைத் தேர்ந்தெடுக்கும் முன் சிடிஏபியை எவ்வளவு தூரம் நீக்கினோம் என்று அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்த எண் இல்லாமல் "பெக் போட்டோம், பாதுகாப்பாகிவிட்டது" என்று எழுதினால், பலன் பூச்சால் வந்ததா கழுவியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

## பெக்: எல்லோரும் எடுப்பது, பாதிப் பேர் சரியாகப் போடாதது

பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். நீரை இழுத்துப் பிடித்து நிற்கும் நீண்ட சங்கிலி இது. முனையில் தயால் என்ற கந்தகத் தொகுதி இருந்தால் தங்கத்தில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். கலந்து, காத்திருந்து, செண்ட்ரிபியூஜில் கழுவினால் முடிந்தது. மருந்துத் துறையில் பெக்குக்கு நீண்ட வரலாறு உண்டு. பெக் இணைத்த முதல் புரத மருந்துக்கு அமெரிக்காவில் 1990-இல் அனுமதி கிடைத்தது.

மனிதர்களிடம் சோதிக்கப்பட்ட தங்கத் துகள்களிலும் பெக்குக்குத்தான் முதலிடம். சைட்இம்யூன் நிறுவனத்தின் சிஒய்டி-6091 என்பது 27 நானோமீட்டர் தங்கம். அதன் மேல் டிஎன்எஃப் என்ற புரதமும் பெக்கும் சேர்ந்திருந்தன. தனியே கொடுத்தால் இரத்த அழுத்தத்தை ஆபத்தாகச் சரித்துவிடும் டிஎன்எஃப்பை, தங்கத்தில் ஏற்றியபோது முன்பு தாங்க முடியாத அளவுகளிலும் கொடுக்க முடிந்தது என்று 2010-இல் வெளியான முதல் கட்ட முடிவுகள் கூறின. அடுத்தது ஆரோலேஸ், லேசரால் சூடாக்கிக் கட்டியை அழிக்கும் துகள். 2019-இல் வெளியான புராஸ்டேட் புற்று ஆய்வில் 16 பேர் சேர்ந்தனர், 15 பேருக்குச் சிகிச்சை நிறைவேறியது. இதில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பம்: ஆரோலேஸ் சிலிகா பூசிய தங்கம் என்று எழுதிவிடுகிறார்கள். சிலிகா உள்ளே இருக்கிறது, தங்கம் அதன் மேல் ஓடாக இருக்கிறது, வெளியே இருப்பது பெக். உடல் சந்திப்பது பெக்கைத்தான்.

பெக்கில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம் அடர்த்தி. நெருக்கி நட்ட வயலில் களைக்கு இடமிருக்காது. இடைவெளி விட்டு நட்டால் களைதான் முந்தும். பெக்கும் அப்படித்தான். சங்கிலிகள் குறைவாக இருந்தால் தங்கத்தின் மேல் மடிந்து படுத்துக்கொள்ளும், இடையில் புரதங்கள் வந்து உட்காரும். போதுமான அளவு போட்டால் நிமிர்ந்து தூரிகை போல நிற்கும். எவ்வளவு பெக் கலந்தோம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு சதுர நானோமீட்டருக்கு எத்தனை ஒட்டியது என்று எழுதுபவர்கள் குறைவு. மேற்கோளாக எடுக்கும் கட்டுரையில் அந்த எண் இல்லையென்றால் அதன் முடிவைத் தயக்கத்தோடுதான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது, கழல்வது. ஒற்றைத் தயால் பிடியைச் சிஸ்டீன் தள்ளிவிடும். லிப்போயிக் அமிலம் போல இரு கந்தகப் பிடி உள்ள பெக் நன்றாகத் தாங்கும், விலை கொஞ்சம் கூடுதல். நெடுநேர ஓட்டம் தேவை என்றால் அந்தக் கூடுதல் செலவு நியாயமானது. லேசரால் சூடாக்கும் வேலை என்றால் இன்னும் கவனம் வேண்டும், ஏனென்றால் வெப்பமே கந்தகப் பிடியை அவிழ்க்கும்.

மூன்றாவதுதான் உண்மையான மறைசெலவு. பெக்கை உடல் கண்டுகொள்ளாது என்று நெடுநாள் நம்பினோம். பெக்குக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருப்பது இப்போது தெளிவு. முதல் ஊசியில் உருவான எதிர்ப்பொருள், இரண்டாம் ஊசியைச் சில நிமிடங்களிலேயே இரத்தத்திலிருந்து நீக்கிவிடக்கூடும். கீல்வாதத்துக்கான பெக்லோட்டிகேஸ் மருந்து பலருக்குப் பயனற்றுப் போவதற்கு இந்த எதிர்ப்பொருள்களும் காரணம். பெக்நிவகோஜின் என்ற மருந்தின் பெரிய ஆய்வு, கடுமையான ஒவ்வாமைகள் வந்ததால் 2014-இல் நிறுத்தப்பட்டது. பின்னர் அவை பெக் எதிர்ப்பொருள்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. இவை தங்கத் துகள்கள் அல்ல, ஆனால் பூச்சு அதே பூச்சு. முன்கூட்டியே எதிர்ப்பொருள் சோதிக்கும் செலவைத் திட்டத்தில் சேர்க்காமல் பெக்கை மலிவு என்று சொல்ல முடியாது.

பெக் போட்டதாலேயே கல்லீரல் தப்பித்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 13 நானோமீட்டர் பெக் தங்கம் எலிகளின் கல்லீரலில் அழற்சியையும் செல் இறப்பையும் தூண்டியதாக 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. நெடுநேரம் சுற்றும் துகள் கடைசியில் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் கல்லீரலும் மண்ணீரலும்தான். பெக் அந்தப் பயணத்தைத் தாமதப்படுத்துகிறது.

## சிலிகா: லேசர் வேலைக்கு

நானோ தண்டை லேசர் துடிப்பால் சூடாக்கினால் அது உருகி உருண்டையாகிவிடும். அதோடு அதன் ஒளி உறிஞ்சும் அலைநீளமும் மாறிவிடும். சிலிகா ஓடு தண்டைப் பிடித்து வைத்து வடிவத்தைக் காக்கும். ஒளியொலிப் படமெடுப்புக்கு இதை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. துளைகள் உள்ள சிலிகா என்றால் மருந்தையும் ஏற்றலாம்.

சிக்கல் அந்தத் துளைகளிலேயே இருக்கிறது. சிடிஏபிதான் துளைகளுக்கு அச்சாக நிற்கிறது. ஓடு வளர்ந்த பிறகு அது துளைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அமில ஆல்கஹாலிலோ அம்மோனியம் நைட்ரேட்டிலோ பல முறை அலசி எடுக்க வேண்டும். இந்தப் படியை அவசரமாக முடித்தால் உடலுக்குள் மெல்லக் கசியும் நச்சை நாமே செய்து வைத்ததாகிவிடும். வெற்றுச் சிலிகாவின் மேற்பரப்பு சிவப்பணுக்களையும் உடைக்கும். அதனால் வெளியே மறுபடி பெக் தேவை. ஆக, சிலிகாவைத் தேர்ந்தவர் பெக்கின் சிக்கல்களிலிருந்தும் தப்பவில்லை. சிலிகா நீரில் மெல்லக் கரைந்து சிலிசிக் அமிலமாகி வெளியேறுவது நல்ல விஷயம்தான். ஆனால் ஓடு போன பிறகு உள்ளே இருந்த தண்டு வெறுமையாக நிற்கும்.

## குளுட்டத்தயோன்: வெளியேறும் துகள்

எனக்குப் பிடித்த தேர்வு இது. பயன்பாடு குறுகியது என்பதும் தெரியும்.

குளுட்டத்தயோன் நம் செல்களிலேயே இருக்கும் மூன்று அமினோ அமிலச் சிறு மூலக்கூறு. அதில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சேர்ந்திருப்பதால் புரதங்கள் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. தடிமன் மிகக் குறைவு. பெக் போட்டால் 15 நானோமீட்டர் துகள் நீரில் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். குளுட்டத்தயோன் அப்படிப் பெருக்காது. இதுதான் முக்கியம், ஏனென்றால் சிறுநீரக வடிகட்டிக்கு ஒரு வரம்பு உண்டு. 2007-இல் குவாண்டம் புள்ளிகளை (ஒளிரும் குறைக்கடத்தி நானோ துகள்களை) வைத்து நடத்திய ஆய்வு, நீரில் உள்ள விட்டம் சுமார் 5.5 நானோமீட்டருக்குள் இருந்தால்தான் துகள் வேகமாகச் சிறுநீரில் வெளியேறும் என்று காட்டியது. அமெரிக்காவின் டல்லாஸில் ஜீ ஜெங் குழு குளுட்டத்தயோன் பூசிய சுமார் 2 நானோமீட்டர் தங்கத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது பாதிக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் சிறுநீரில் வந்துவிட்டது. ஆறு மாதத்தில் 9 சதவீதம் என்ற முந்தைய எண்ணோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். இரண்டையும் பிரிப்பது பூச்சு மட்டுமல்ல. துகளின் அளவும் சேர்ந்துதான். 40 நானோமீட்டர் தங்கத்துக்குக் குளுட்டத்தயோன் போட்டுவிட்டு அது சிறுநீரில் வரும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவு சிறிய தங்கம் தனக்கென ஆபத்தும் கொண்டுவரும். 1.4 நானோமீட்டர் கொத்துகள் செல்களைக் கொன்றன, 15 நானோமீட்டர் துகள்கள் அதைப் பல மடங்கு செறிவிலும் செய்யவில்லை என்று 2007-இல் ஒரு ஜெர்மன் குழு எழுதியது. அந்தக் கொத்துகளின் பூச்சு எளிதில் கழலும் ஒரு பாஸ்பீன், அதாவது பாஸ்பரஸ் சேர்மம். ஏறத்தாழ அதே அளவில் குளுட்டத்தயோன் போட்டபோது நச்சுத்தன்மை வெகுவாகக் குறைந்தது. சிறிய துகளில் பூச்சின் பிடி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதை விட நல்ல சான்று தேவையில்லை.

இழப்பது என்ன? 2 நானோமீட்டரில் தங்கத்தின் அந்தப் புகழ்பெற்ற சிவப்பு நிறம், அதாவது பிளாஸ்மான் உறிஞ்சல், கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஒளியால் சூடாக்கும் சிகிச்சைக்கு இது உதவாது. இரத்தத்தில் தங்கும் நேரமும் குறைவு. எக்ஸ் கதிர்ப் படத்துக்கும் ஒளிர்வுப் படத்துக்கும் அந்தக் குறுகிய நேரமே போதும், சொல்லப்போனால் அதுதான் வேண்டும்.

## அல்புமின்

இரத்தத்தில் மிகுதியாக இருக்கும் புரதத்தையே முன்கூட்டிப் பூசிவிட்டால் உடல் கண்டுகொள்ளாது என்பது இதன் தர்க்கம். பாதி உண்மை. ஒட்டும்போது புரதம் உருக்குலைந்தால் அதுவே அந்நியமாகத் தெரியத் தொடங்கும். இரத்தத்தில் வேறு புரதங்கள் அதை இடம்பெயர்க்கவும் செய்யும். ஆய்வகத்தில் எடுப்பது மாட்டு அல்புமின், மனிதருக்குத் தேவை மனித அல்புமின். முதலாவதில் செய்த ஆய்வை இரண்டாவதுக்கு அப்படியே நகர்த்த முடியாது. விலையும் வேறு. உயர்வெப்ப நீராவியில் கிருமி நீக்கவும் முடியாது.

## கோந்து, கைட்டோசன், இலைச்சாறு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வரும் தங்க நானோ கட்டுரைகளில் ஏராளமானவை இந்த வகை. "இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது" என்ற வரியைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும்.

அரபிக் கோந்துக்குத் தகுந்த வேலை உண்டு. மிசௌரி பல்கலைக்கழகத்தில் கட்டேஷ் கட்டி குழு கதிரியக்கத் தங்கம்-198 துகள்களை அரபிக் கோந்தால் நிலைப்படுத்திப் புராஸ்டேட் கட்டிக்குள் நேராக ஊசியாகச் செலுத்தும் வழியை ஆராய்ந்தது. அந்தத் தங்கத்தின் அரை ஆயுள் 2.7 நாள். துகள் கட்டிக்குள் சில நாள் நின்றால் போதும், அதுவரை கோந்து தாங்கும். பயன்பாட்டிலிருந்து பின்னோக்கி வந்து பூச்சைத் தேர்ந்ததற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கோந்து மரத்துக்கு மரம் மாறும் பொருள், அதில் புரதமும் கலந்திருக்கும். ஒவ்வொரு தொகுதியையும் தனியே சோதிக்க வேண்டும் என்பதுதான் அதன் செலவு.

கைட்டோசன் நேர்மின்னூட்டம் கொண்டது. சளிச்சவ்வில் நன்றாக ஒட்டும். மூக்கு வழி, வாய் வழி, தோல் மேல் என்றால் தாராளமாகப் பரிசீலிக்கலாம். நரம்பூசிக்கு எடுப்பவர்களிடம் ஒரே கேள்வி: இரத்தப்போக்கை நிறுத்தும் காயக்கட்டுகளில் சேர்க்கும் அதே பொருளை இரத்தக் குழாய்க்குள் ஏன் விட வேண்டும்? நடுநிலைக் காரஅமில நிலையில் அது கரைவதும் குறையும். வேதிமாற்றம் செய்த கைட்டோசனால் இதைச் சமாளிக்கலாம், ஆனால் அது வேறு பொருள், வேறு சோதனை.

துளசி, வேப்பிலை, கொய்யா இலைச் சாறுகளில் தங்க உப்பை வேதிமுறையில் ஒடுக்கித் துகளாக்குவது அழகான வேதியியல் பயிற்சி. மருந்து என்று வரும்போது துகளின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது என்பதே தெரியாத நிலை. நச்சுச் சோதனையாக 24 மணி நேர எம்டிடி (உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் சோதனை) மட்டும் காட்டப்படும். தங்கமே ஒளியை உறிஞ்சுவதால் அந்தச் சோதனை தவறான எண் தரக்கூடும். தங்க பஸ்பத்தைப் பற்றியும் இங்கே கேட்பவர்கள் உண்டு. அது வேறு தயாரிப்பு, வாய்வழி. இந்த ஒப்பீட்டை அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ பயன்படுத்த முடியாது.

## பூச்சே மருந்தாகும்போது

அட்டவணையில் வைக்காத ஒன்று, டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ இழைகளால் மூடிய தங்கம். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான என்யு-0129 துகளை மூளைப் புற்றான கிளியோபிளாஸ்டோமா உள்ள எட்டு பேருக்குக் கொடுத்துப் பார்த்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். நரம்பூசியில் கொடுத்த தங்கம் மூளைக் கட்டியில் கண்டறியப்பட்டது. இங்கே பூச்சுதான் மரபணுவை அணைக்கும் மருந்து. இப்படிப்பட்ட திட்டத்தில் பெக்கா சிலிகாவா என்ற கேள்வியே எழுவதில்லை. துணைக்குக் கொஞ்சம் பெக் சேர்க்கலாமா என்பது வரைதான் பேச்சு.

## அப்படியானால் எதை எடுப்பது?

சோதனைப் பட்டை, உணரி என்றால் சிட்ரேட்டின் மேல் நேராக எதிர்ப்பொருளையோ அல்புமினையோ போடுங்கள். நரம்பு வழியே ஒன்றிரண்டு முறை, கட்டியைச் சென்றடைய வேண்டும் என்றால் பெக், அதிலும் இரு கந்தகப் பிடி. மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் கொடுக்கும் மருந்து என்றால் பெக்கை விட்டு, நேர், எதிர் என இரண்டு மின்னூட்டமும் கொண்ட இருமின்னூட்டப் பூச்சுகளைப் பாருங்கள். படமெடுத்துவிட்டு வெளியேற வேண்டும் என்றால் குளுட்டத்தயோன், துகளின் அளவையும் அதற்கேற்பக் குறைத்து. தண்டும் லேசரும் என்றால் சிலிகா, மேலே பெக். கட்டிக்குள் நேரடி ஊசி என்றால் கோந்துக்கும் வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அங்கே இரத்தத்தில் நெடுநேரம் தாங்க வேண்டிய தேவையே இல்லை.

கட்டியைச் சென்றடைவது என்று சொல்லும்போது ஓர் எண்ணை மனதில் வைக்க வேண்டும். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் டொராண்டோக் குழு கணக்கிட்டபோது, செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது இடைநிலையாக 0.7 சதவீதம். மீதி எங்கே போகிறது என்பதுதான் பாதுகாப்புக் கேள்வி. கட்டிக்குள் போன துகளுக்காக மட்டும் பூச்சைத் தேர்ந்தெடுத்தால் மீதி 99 சதவீதத்தை யாரும் கவனிக்கவில்லை என்று பொருள்.

எந்தப் பூச்சானாலும் எலிக்குப் போகும் முன் இரண்டு நாள் ஒதுக்குங்கள். 0.9 சதவீத உப்புக் கரைசலில் நிறம் மாறுகிறதா, சீரத்தில் 37 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தால் அளவு பெருகுகிறதா, குளுட்டத்தயோனை மில்லிமோலார் செறிவில் சேர்த்தால் பூச்சு கழலுகிறதா என்று பாருங்கள். அப்புறம் எண்டோடாக்சின். பாக்டீரியாச் சுவரின் இந்தத் துணுக்கு கண்ணாடிப் பாத்திரத்திலிருந்தும் நீரிலிருந்தும் வந்து ஒட்டிக்கொள்ளும். எலிக்குக் காய்ச்சல் வந்தால் பழி பூச்சின் மேல் விழும். தங்கத் துகளின் நிறம் வழக்கமான எண்டோடாக்சின் சோதனையைக் குழப்பும் என்பதால், துகளோடு தெரிந்த அளவு எண்டோடாக்சினைச் சேர்த்து அது சரியாக அளவிடப்படுகிறதா என்று சரிபார்த்த பிறகே அந்த எண்ணை நம்ப வேண்டும். விலைப்பட்டியலில் பூச்சு ஒரு வரிதான். இந்தச் சோதனைகளுக்குத் தனி வரி ஒதுக்காத திட்டத்தில் மலிவான பூச்சு என்று எதுவும் இல்லை.